வாயில் தண்ணீரோடு க்ளூ சார்

எப்பேர்ப்பட்ட மனிதரும், இன்னொருவர் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரமாவது சும்மா உட்கார்ந்துவிடுவார். க்ளூ சாரால் மட்டும் முடியாது. வேடிக்கை என்னவென்றால், சும்மா உட்காருவதற்குத்தான் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது.

ஒரகடத்தில் மிக்ஸி, பிளாஸ்க், குக்கர் என்று வீட்டுச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அதன் ஓரத்தில் ஒரு போலிச் சமையலறை உண்டு. மேடை, சிங்க், மசாலா டப்பா எல்லாம் இருக்கும், சமைக்கத்தான் ஆளிருக்காது. புதுச் சாமான் ஒன்று கடைக்குப் போகும் முன், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களை அழைத்து வந்து அங்கே உட்காரவைத்து, பயன்படுத்திப் பார்க்கச் சொல்வோம். கறுப்புக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று நாங்கள் பார்ப்போம். ஆட்களை அழைத்து வருவதும் கேமராவை ஓட்டுவதும் என் வேலை. வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்யவேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது க்ளூ சாரின் வேலை. தடுமாறினால் தடுமாறட்டும், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தால்தானே சாமானைத் திருத்த முடியும்?

சார் அதற்கு முன் சர்வீஸ் சென்டரில் இருந்தவர். கோபத்தோடு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட அவரிடம் குடும்பக் கதை பேசிவிட்டுப் போவார்களாம். ஜனங்களோடு நன்றாகப் பழகுகிறார் என்று எங்கள் மேனேஜர் மேடம் அவரைக் கேட்டு வாங்கினார். அங்கேதான் பிடித்தது சனி.

முதல் நாள் பிளாஸ்க். படப்பையிலிருந்து வந்த ஒரு அக்கா, மூடியைத் திறக்கும் பட்டனைத் தேடினார். கை பட்டன் பக்கம் போனால் சாருக்கு இருமல் வந்தது. விலகினால் நின்றது. அக்கா புத்திசாலி. இருமலைப் பிடித்துக்கொண்டே போய் பட்டனை அமுக்கிவிட்டார்.

மேடம் இருமலுக்குத் தடை போட்டார். அடுத்த முறை சார் பட்டனையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டோம். மூக்கால் காட்டினார். அன்றைக்கு வந்திருந்த தண்டலம் கல்லூரிப் பெண் வெளியே வந்ததும் என்னிடம், "அக்கா, அந்த அங்கிளுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?" என்று கவலையோடு கேட்டாள்.

சாரைக் கேட்டால், "நான் இன்னாம்மா சொன்னேன்? சும்மா குந்திகினு தானே இருந்தேன்!" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. உடம்புதான் அவரைக் கேட்காமல் உதவிக்குக் கிளம்பிவிடும். க்ளூ சார் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பலன், எங்கள் சாமான்கள் எல்லாமே அமோகமாகத் தேர்ச்சி பெற்றன. கடைக்குப் போனதும் லாரி லாரியாகத் திரும்பி வந்தன. கூடவே க்ளூ சாரை அனுப்பவில்லையே! அந்த பிளாஸ்க்கை வாங்கியவர்களில் சிலர் மூடியைத் திறக்க முடியாமல், உள்ளே இருந்த காபியோடு திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

ஹெட் ஆபீஸிலிருந்து மேடத்துக்குச் சரியான டோஸ் விழுந்தது. அடுத்து ஒரு புது மிக்ஸி காத்திருந்தது. அதன் ஜார் மூடியில் புது மாதிரி லாக். மூடி ஒழுங்காகப் பூட்டினால்தான் மோட்டார் ஓடும். மூடியை வார்க்கும் அச்சைச் செய்யக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்றுவது நடக்காத காரியம். அதனால் இந்த முறை பெரிய அதிகாரியே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

மேடம் சாரைக் கூப்பிட்டார். "சார், இந்த வாட்டியும் நீங்க க்ளூ குடுத்தீங்கன்னா என் வேலையும் போயிடும், உங்க வேலையும் போயிடும்."

"கன்ட்ரோல் பண்ணிக்கிறேன் மேடம்."

"எப்படி?"

சார் மேஜை மேலிருந்த தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தார். "வாய் நெறைய தண்ணி வெச்சிக்கிறேன்."

அன்று வந்தவர் மணிமங்கலத்துப் பெரியவர் ஒருவர். மகளின் பிரசவத்துக்காக மனைவி வெளியூர் போயிருந்தார். "நீ போ, நானே ஆக்கித் துன்றேன்" என்று வீராப்பாக அனுப்பிவைத்தவர், ஓட்டல் சாப்பாட்டில் நாக்கு செத்துப் போயிருந்தார். வீட்டு மிக்ஸியைத் தொடப் பயம். இங்கே வந்தால் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சார் அவரிடம், "இதுல சட்னி அரைங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு, சொம்புத் தண்ணீரை வாய் கொள்ளுமட்டும் கவிழ்த்துக்கொண்டார். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தார்.

உப்பிய கன்னங்களைப் பெரியவர் பார்த்தார். "இன்னா சார், பல்லு வலியா?"

சார் தலையாட்டினார்.

"கிராம்பு வெச்சிக் கடிங்க. சரியாப் பூடும்." மசாலா டப்பாவில் தேடிக் கிராம்பை எடுத்தே கொடுத்துவிட்டார். சார் அதை வாங்கிக்கொள்ள ஒரு கையை உருவி, மறுபடியும் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரி, "டெஸ்ட் யாருக்கு நடக்குது?" என்று மேடத்தைக் கேட்டார்.

பெரியவர் தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை எல்லாம் அளவாகப் போட்டார். மூடியை வைத்து ஸ்விட்சைத் திருகினார். ஓடவில்லை. மூடியைத் திருப்பி வைத்தார். ஓடவில்லை. பிளக்கைப் பிடுங்கி ஊதிவிட்டுச் செருகினார். மிக்ஸியின் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். அது அசையவில்லை. லாக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் போதும். க்ளூ சாரின் உடம்பு முழுக்க இடப்பக்கம் சாய்ந்தது. நாற்காலியும் சாய்ந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வாய்த் தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

கடைசியில் பெரியவர் ஜாரைக் கீழே வைத்தார். "நமக்கு இதுக்கெல்லாம் துப்பு பத்தாது சார். அவளே வரட்டும்." வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கும் டிபன் பாக்ஸை நான் நீட்டினேன். "வேலைய முடிக்காதவனுக்கு இது இன்னாத்துக்கும்மா?" என்று வாங்காமலே போய்விட்டார்.

மேடம் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார். அதிகாரி தானே மூடியைப் பூட்டிப் பார்த்து, முடியாமல், வடிவமைத்த பையன்களைக் கூப்பிட்டார். அவர்களுக்குள்ளேயே எந்தப் பக்கம் தள்ளுவது என்று சண்டை வந்தது. லாக்கை மாற்றுவதென்று அங்கேயே முடிவாயிற்று. வேலைகள் தப்பின.

க்ளூ சார் தண்ணீரை விழுங்கிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"மேடம், அந்த ஆளு தனக்குத் துப்பில்லன்னு நெனச்சிக்கினு போறாரு. தப்பு மூடி மேலன்னு அவருக்கு யாரு சொல்றது?"

"அதெல்லாம் ரிப்போர்ட்ல வந்துடும் சார்."

"அவரு ரிப்போர்ட்டா படிக்கப் போறாரு?"

மேடம் அதிகாரியை வழியனுப்பப் போய்விட்டார். ஷிப்ட் முடிந்ததும் சார் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "வூடு எங்கன்னு உனக்குத் தெரியும்தானே? வாம்மா."

பெரியவர் எங்களைக் கண்டதும் பதறிப்போனார். "இன்னா சார், நான் எதுனா கைதவறி எடுத்துக்கினு வந்துட்டனா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல பெரியவரே. உங்களுக்கு நல்லாவே துப்பு கீது. அந்த மூடிக்குத்தான் துப்பில்ல. எங்க பெரிய ஆபீசரே மூடத் தெரியாம முழிச்சாரு. இந்தப் பொண்ண வேணா கேளுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "ஆபீசருக்கே ஓடலையா?" என்று இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு இருவருமாகப் பெரியவர் மனைவியின் மிக்ஸியை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தடுக்க மேடம் இல்லை. க்ளூ சார் அணை உடைந்ததுபோல் பேசினார். "மூடிய வையி... அமுக்கு... அதான்! ஒண்ணுல வெச்சித் திருகு... பயப்படாத..." மரியாதைகூடப் பறந்துவிட்டது. மிக்ஸி ஓடியது. அது நின்றபோது இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். சட்னியில் உப்பு ஒரு கை தூக்கல். வழித்துத் தின்றோம்.

அதற்கப்புறம் சாரை எங்கள் ஹெல்ப்லைனுக்கு மாற்றிவிட்டார்கள். பிளாஸ்க்கைத் திறப்பது எப்படி என்று போன் செய்தவர்கள், பெண்ணுக்கு வரன் கிடைத்த சேதி வரை சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள். அவருக்கு அதைவிடப் பொருத்தமான நாற்காலி அந்தத் தொழிற்சாலையில் இல்லை.

பெரியவர் வீட்டில் சட்னி தின்ற அன்று மாலை, சாரை அவர் வீட்டில் இறக்கிவிடக் கிளம்பினேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "பாத்தும்மா, ஸ்பீட் பிரேக்கர் வருது. அப்பால ஒரு பள்ளம் கீது. மாடு... மாடு... ஹாரன் அடி."

நான் தினமும் வேலைக்குப் போய் வருகிற ரோடு அது. ஒவ்வொரு பள்ளத்துக்கும், "நல்லவேளை சொன்னீங்க சார்" என்றேன்.