ஒரே இசைத்தட்டை ஆறு முறை வாங்குகிறவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு: ஒரே இசைத்தட்டை ஆறு முறை வாங்குகிறவர். நீங்கள் அவரைச் சந்தித்திருப்பீர்கள். இல்லை என்கிறீர்களா? அப்படியானால் கடைசிப் பத்தி வரும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அடையாளம் காண்பது சுலபம். ஒரு தட்டையான பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் நடந்து வீட்டுக்குள் வருவார். மனைவி கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவார். பதில் எப்போதும் இரண்டே சொல்: "இது வேற." முதலில் வாங்கியது இசைத்தட்டு. அதுவே கேசட்டாக வந்தது, இது வேற, காரில் கேட்கலாம், கார் கிடையாது. அதுவே சிடியாக வந்தது, இது வேற, கரகரப்பே இருக்காது. இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தது, இது வேற, டிரோம்போன்காரர் நாற்காலியை நகர்த்துவதுகூடக் கேட்கிறது. நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தது, இதுவும் வேற, சிடியில் காணாமல் போன அந்தக் கரகரப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பாட்டு மட்டும் அதே பாட்டு.

எட்டுப் பேர் கொண்ட ராக் குழு. நான்கு பேர் ஊதுகிறவர்கள். கிட்டார் உண்டு, ஆனால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். டிரம்பெட்டும் டிரோம்போனும் சாக்ஸஃபோனும்தான் பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும். அட்டைப் படத்தில் எட்டுப் பேரும் ஒரே குடைக்குள் நிற்க முயன்று ஏழு பேர் நனைந்திருப்பார்கள்.

என் அப்பா இந்த இனம். செயற்கைப் பல் செய்கிற வேலை. காலையிலிருந்து மாலை வரை போலிப் பல் செய்கிற மனுஷனுக்கு அசல் மேல் இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்பாள். அப்பா காதில் வாங்கமாட்டார். காது வேறு வேலையாக இருக்கும்.

இந்த இனத்தவர் வீட்டுக் கூடத்தில் ஒரு நடு நாற்காலி இருக்கும். இரண்டு ஒலிபெருக்கிக்கும் சம தூரம். நாற்காலியின் நான்கு கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டியிருக்கும். வீடு பெருக்குகிறவர் நாற்காலியை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டால், அன்று மாலை அப்பா உட்கார்ந்த உடனேயே, "டிரம்பெட் சமையலறைப் பக்கமா போயிடுச்சு" என்பார். வருகிற எல்லோரும் ஒரு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். காப்பீட்டு முகவர் உட்கார்ந்தார். என் கணவராக வரவிருந்தவர் உட்கார்ந்தார். தட்டின் ஒரு பக்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தேறினார். ஒருநாள் குழாய் சரிசெய்ய வந்தவரையும் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

முதல் பதிப்புத் தட்டு. மூன்றாவது பாட்டு. அதில் டிரம்பெட் படி ஏறுவதுபோல் ஒவ்வொரு சுரமாக மேலே போகும். ஐந்தாவது படியில் சட்டென்று நிற்கும். டிரம் ஒரே ஓர் அடி. அந்த இடம்தான் அப்பாவின் வாழ்க்கை. விரலை உயர்த்திக் காத்திருப்பார். அடி விழுந்ததும் விரலை இறக்கி, "மூச்சை அப்படியே அறுத்துட்டான் பாருங்க" என்பார். இதற்குப் பின் வந்த ஒவ்வொரு பதிப்பிலும் டிரம்பெட் ஏழு படி ஏறியது. வியாபாரிகள் கூடுதலாக இரண்டு படி ஒட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்பது அப்பாவின் தீர்ப்பு. நிறுவனத்துக்கு நான்கு கடிதம் போட்டிருக்கிறார். பதில் வந்ததில்லை. பதில் வராததே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்றார்.

குழாய்க்காரர் கேட்டார். விரல் இறங்கியது. குழாய்க்காரர் தயங்கினார்.

"சார், தட்டு குதிக்குது சார்."

அப்பா அவரைப் பார்த்த பார்வையில் குழாய் தானாகவே நின்றிருக்கும். அம்மா உடனே உள்ளே வந்து, தண்ணீர் ஒழுகுகிறது, முதலில் அதைப் பாருங்கள் என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள். அவ்வளவு வேகமாக அம்மா நடந்து நான் பார்த்ததில்லை.

என் வேலை அளவிடும் கருவிகளைச் சோதிப்பது. ஒரு சந்தேகம் வந்தால் அளக்காமல் இருக்க முடியாது. அப்பா ஊரில் இல்லாத ஒருநாள் தட்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். மூன்றாவது பாட்டின் குறுக்கே ஒரு கீறல், நான்கு மில்லிமீட்டர். ஊசி ஒரு சுற்றைத் தாண்டி அடுத்த சுற்றில் விழுகிறது. ஒரு சுற்று என்பது ஒன்றே முக்கால் நொடி சொச்சம். இரண்டு படி அதில்தான் தொலைந்திருக்கிறது. அப்பா உலகத்திலேயே பெரிய மேதைமை என்று கொண்டாடியது ஒரு கீறலை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தெரியும். நான்தான் கீறினேன்."

கல்யாணமான புதிது. தட்டு வாங்கி இரண்டு நாள். தூசு துடைக்கும்போது வளையல் பட்டுவிட்டது. மாலையில் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்திருக்கிறாள். ஆனால் அப்பா வந்ததும் தட்டைப் போட்டு, அந்த இடம் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, இதை முதல் தடவை கேட்டபோது கவனிக்கவே இல்லையே என்று குதித்திருக்கிறார்.

"அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. எப்படிச் சொல்றது?" என்றாள் அம்மா. "அப்புறம் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம்னா, நீ பொறந்துட்டே."

பிறகு ஐம்பதாம் ஆண்டு வந்தது. கூடவே அப்பாவின் நெஞ்சும் நுரையீரலும் மோசமாயின. மருத்துவர் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஏன் சொன்னார் என்று மூவருக்கும் தெரியும். கூடத்தில் நடு நாற்காலிக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்தோம். அதன் இரைச்சல் வலப்பக்க ஒலிபெருக்கிக்கு ஒத்துவரவில்லை என்று அப்பா அதை இரண்டு முறை நகர்த்தச் சொன்னார். அப்போதுதான் அறிவிப்பு வந்தது: ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி, அசல் ஒலிநாடாவிலிருந்து நேரடியாக, ஒரு நொடிகூடக் கூட்டாமல் குறைக்காமல். அப்பா அந்த வரியை எனக்கு மூன்று முறை படித்துக்காட்டினார்.

"கூட்டாமன்னு போட்டிருக்கான் பாத்தியா. என் லெட்டரைப் படிச்சிருக்காங்க. இதை மட்டும் கேட்டுட்டாப் போதும்மா."

அசல் நாடாவில் ஏழு படி. ஐம்பது ஆண்டு விரல் உயர்த்தியவர், மூக்கில் குழாயோடு, விரலை இறக்க இடம் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? நல்லவர் நீங்கள். நான் பொறியாளர்.

பெட்டியை என் அலுவலக முகவரிக்கு வரவழைத்தேன். மதிய உணவு இடைவேளையில் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு, பழைய தட்டில் வேறொரு கருவியால் எடுத்த அளவுகளை எதிரில் வைத்துக்கொண்டு, புதிய தட்டை நுண்ணோக்கியின் கீழ் கிடத்தி, அதே பாட்டு, அதே சுற்று, அதே கோணம், தையல் ஊசியால் நான்கு மில்லிமீட்டர் கீறினேன். போட்டுப் பார்க்க வழியில்லை. தட்டு ஓடும் கருவி வீட்டுக் கூடத்தில், அப்பாவுக்கு எதிரில் இருந்தது. பேக்கிங் பிரிவு அக்கா பெட்டியைப் பழையபடி பிளாஸ்டிக் உறையில் மூடிக்கொடுத்தார். கடையிலிருந்து வந்தது போலவே இருந்தது.

அப்பா உறையைத் தாமே கிழித்தார். அதற்கு நிறைய நேரம் ஆயிற்று. நாங்கள் உதவவில்லை. தட்டை நான் போட்டேன். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. மூன்றாவது. விரல் உயர்ந்தது. டிரம்பெட் ஏறியது: மூன்று, நான்கு, ஐந்து.

மூன்று, நான்கு, ஐந்து.

மூன்று, நான்கு, ஐந்து.

எங்கள் பழைய நுண்ணோக்கியில் எதுவும் இடம் வலம் மாறித்தான் தெரியும். பதினைந்து ஆண்டுகளாக அதில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். முன்னால் தள்ள வேண்டிய கீறல் ஊசியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று, நான்கு, ஐந்து. நான் எழுந்தேன்.

"உக்காரு," என்றார் அப்பா. கண் மூடியிருந்தது. விரல் அப்படியே மேலே. முகம் மலர்ந்துகொண்டே போனது. "இன்னும் வாசிக்கிறான். இதைத்தான் வெட்டி எடுத்திருக்காங்க. மூச்சே விடலை பாரு. என்ன மனுஷன்டா."

ஒன்பதாவது சுற்றில் அம்மா தண்ணீர் டம்ளரோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். கருவியைப் பார்த்தாள். டம்ளரை அதன் மேசைமேல் ணங்கென்று வைத்தாள். ஊசி துள்ளியது. டிரம் ஒரே ஓர் அடி.

விரல் இறங்கியது.

"அறுத்துட்டான்," என்றார் அப்பா. பிறகு அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒரே குறை. குடையோட நீலம் சரியா வரலை" என்றார்.

அதற்குப் பின் ஒன்பது நாள். பதினேழு முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் அம்மா டம்ளரோடு தன் இடத்தில் நின்றாள், ஓர் இசைக்கலைஞரைப் போல. ஒருநாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது அப்பா வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸிடம் சொல்லித் தட்டைப் போட்டுவிட்டார். டிரம்பெட்காரர் பதினான்கு நிமிடம் மூச்சு விடவில்லை, அப்பா கைதட்டினார், நர்ஸும் தட்டினார். தன் பழைய நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நான் சொன்னேன்ல, அம்பது வருஷமா சொன்னேன்ல என்று சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். பத்தாம் நாள் காலை கேட்கவில்லை.

இப்போது உங்களுக்கு வருகிறேன்.

சென்ற வாரம் அதே பெட்டியை நானும் ஒன்று வாங்கினேன். கீறாத தட்டு. நம்மிடம்தான் ஒன்று இருக்கிறதே என்றாள் அம்மா. இது வேற என்றேன். போட்டுக் கேட்டேன். டிரம்பெட் ஏழு படியும் ஏறி, மேலே போய், ஒழுங்காக நின்றது. சகிக்கவில்லை. அன்றே நிறுவனத்துக்கு எழுதினேன்: மூன்றாவது பாட்டில் இரண்டு படி கூடுதலாக உள்ளது, அடுத்த பதிப்பிலாவது திருத்தவும்.

நான் அந்த இனமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? உங்களுக்குப் பிடித்த பாட்டை ஒருமுறை மனதுக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் கேசட் இழுத்தது, எந்த இடத்தில் பக்கத்து அறையிலிருந்து யார் இருமினார்கள் என்பதையும் சேர்த்துத்தானே முணுமுணுக்கிறீர்கள்? அந்த இருமல் இல்லாத பதிப்பு வந்தால் கெட்டுவிட்டது என்பீர்கள். ஆனாலும் வாங்குவீர்கள். அறுபதாம் ஆண்டுப் பெட்டி வரும்போது கடையில் பார்ப்போம். அதற்குள் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வீட்டுக்கு வாருங்கள், அம்மா டம்ளரோடு தயாராக இருப்பாள். நடு நாற்காலி காலிதான். ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.