டி.ஜே. சால்ட்டை எப்போ எடுக்கறாங்க?

தனக்கே சரியாகப் புரியாத ஒன்றை ஊருக்குப் புரியவைக்கக் கிளம்புகிறவன் ஒருவன் வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கு வேறு எதிரி தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (கஃபே என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முதலாளிக்கு மூஞ்சி சுருங்கிவிடும்.) ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தாடி வைத்த ஒரு பிரெஞ்சுக்காரர் அங்கே வந்து லேப்டாப்பைத் திறந்து பாட்டு போடுவார். அடியில் டும் டும் டும் டும் என்று மாறாத ஒரு தாளம். அதன் இடுக்கில் 'சிக் சிக்' என்று ஹை-ஹாட் தாளத்தட்டு. நடுவே இழைந்து இழைந்து வரும் எலக்ட்ரிக் பியானோ. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அம்மாள், நெஞ்சிலிருந்து பெயர்த்தெடுத்த மாதிரி 'ஓ...' என்று இழுப்பார். இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "டீப் சோல்ஃபுல் ஹவுஸ்" என்றார். அன்றைக்குக் கெட்டவன்தான் நான்.

சிகாகோவில் கறுப்பின மக்கள் ஆடிய கிளப்புகளில் பிறந்த இசை அது. டிஸ்கோவிலிருந்து தாளத்தையும் ஜாஸிலிருந்து பியானோவையும், தங்கள் சர்ச் பாடகர் குழுக்களிலிருந்து அந்த உருக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அது நியூயார்க்கில் வளர்ந்து, லண்டன் போய், ஜோகன்னஸ்பர்க்கில் நிதானம் கற்றுக்கொண்டு உலகத்தைச் சுற்றியது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், யூடியூபில் தெரியும். மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களைக்கூட விடாமல் சொன்னேன். ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, திண்டிவனம் வண்டி போயிடுச்சா?" என்றார்.

அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் சத்தத்தில் பகலெல்லாம் நின்றுவிட்டு வருகிறவர். வீட்டுக்குள் நுழைந்தால் என் ஸ்பீக்கர்.

"இது இன்னாடா?"

"ஹவுஸ் மியூசிக்பா."

"வீட்டுப் பாட்டா? உப்பளத்து இன்ஜினை வீட்டுல ஓட்டிட்டு, அதுக்கு வீட்டுப் பாட்டுன்னு பேரு வேறயா? ஆஃப் பண்ணு, தலைய வலிக்குது."

கலைஞனை முதலில் புரிந்துகொள்ளாதவர்கள் குடும்பத்தார்தான் என்று நான் படித்திருந்தேன். ஆகவே மனம் தளராமல் 'டி.ஜே. சால்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். பெரிய டி.ஜே.க்களுக்கு மேனேஜர் உண்டு என்பதால் மேனேஜராகவும் நானே இருந்தேன். போன் வந்தால், "டி.ஜே.வோட மேனேஜர் பேசறேன்" என்பேன். வந்த போனெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்டவைதான்.

இந்த நிலையில் ஸ்டெல்லா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லூர்து, அனுமந்தைக்காரர். தங்கமான மனிதர். ஆனால் அந்த வீட்டில் முடிவு எல்லாம் அவருடைய பெரியம்மா பிலோமினா கையில். அந்த அம்மாள் ஒரு கையில் ஜெபமாலை உருட்டுவார், இன்னொரு கையில் சகுனம் பார்ப்பார். நிச்சயதார்த்தம் ஏற்கெனவே ஒருமுறை அவர்கள் பங்காளி வீட்டுச் சாவால் தள்ளிப்போயிருந்தது. பெரியம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்து, காபியைக்கூடத் தொடாமல் சொல்லிவிட்டார்: "ஒரு தடங்கலைப் பொறுத்துக்கினேன். இன்னொன்னு வந்துச்சி, மாதா சத்தியமா இந்தச் சம்பந்தம் கிடையாது." அன்றிலிருந்து அம்மா தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார்.

எங்கள் பக்கம் வரவேற்பு முதல் நாள் மாலை, மாதா கோயிலில் தாலி மந்திரிப்பு மறுநாள் காலை. வரவேற்புக்கு சர்ச் ஹால். அக்கா குத்துப்பாட்டு வேண்டும் என்றாள். நான் சாப்பிடாமல் கிடந்து, 'அக்கா கல்யாணத்துலகூட எனக்கு வாய்ப்பு இல்லையா' என்று மூக்கைச் சிந்தி வாங்கினேன். "போய்த் தொலை. ஆனா எதுனா ஏடாகூடம் பண்ணே, உன்னை நானே கொன்னுடுவேன்" என்றாள் அக்கா.

விளம்பரம் இல்லாமல் கலைஞன் ஏது? மரக்காணத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். உலக இசை தாய்மொழியில் பேச வேண்டும் என்பது என் கொள்கை. டீப் என்றால் ஆழ்ந்த, சோல் என்றால் ஆத்மா, ஹவுஸ் என்றால் இல்லம். 'டி.ஜே. சால்ட், ஆழ்ந்த ஆத்ம இல்ல இசை' என்று எழுதி, கூடவே ஒரு போட்டோ. கறுப்பு வெள்ளை. காதில் ஹெட்போன், கண்களை மூடி, முகத்தை வானத்துக்கு உயர்த்திய போஸ். (வெளிநாட்டுப் பாட்டு அட்டையெல்லாம் அப்படித்தான் இருக்கும்.)

வரவேற்பன்று காலையில் கடைக்காரன் போன் செய்தான்.

"சார், ஃப்ளெக்ஸ் கடையிலேந்து பேசறேன். ரொம்பச் சின்ன வயசா தெரியறாரே?"

"மேனேஜர்தான் பேசறேன். இருபத்தி நாலு. இந்த வயசுலயே எங்கயோ போயிட்டான்" என்றேன் பெருமையாக.

'ப்ச்' என்று ஒரு சத்தம் கேட்டது. வியந்துபோயிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

"கிறிஸ்டியன் தானே சார்? சிலுவை போட்டுடட்டுமா?"

"போடு, போடு. சர்ச் ஹால்லதான் நடக்குது."

"எத்தனை மணிக்கு சார் எடுக்கறாங்க?"

"ஆறு மணிக்கு. லேட் பண்ணிடாதப்பா, வெளியூர்லேந்து ஜனம் வருது."

"இதுல போய் லேட் பண்ணுவேனா சார்? நானே வந்து ரோட்டு முனையில கட்டிடறேன். நீங்க மனசைத் தேத்திக்குங்க."

எங்கள் ஊரில் 'எப்போ எடுக்கறாங்க' என்று ஒருவர் கேட்டால் எதை என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாவு சேதி வந்ததும் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான். எனக்கு மட்டும், கச்சேரியை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்கிற மாதிரி காதில் விழுந்தது. சிகாகோ காது அல்லவா!

அவன் நான் அனுப்பிய ஒரு சொல்லையும் வீணாக்கவில்லை. 'கண்ணீர் அஞ்சலி. டி.ஜே. சால்ட், வயது 24. எங்களை ஆழ்ந்த துயரத்தில் விட்டு, இறைவனின் இல்லத்தில் இளைப்பாறும் ஆத்மா. இன்று மாலை ஆறு மணிக்கு எடுக்கப்படும். இசை உண்டு.' ஹெட்போனை எடுக்க மனம் வராமல் அதன்மேலேயே ஒரு ரோஜா மாலையும் போட்டிருந்தான். நாங்களெல்லாம் ஹாலுக்குள் போன பிறகு, இதை ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து ஹாலுக்குத் திரும்புகிற முனையில் கட்டிவிட்டு, கட்டணம்கூடக் கேட்காமல் போயிருக்கிறான் புண்ணியவான்.

மாலை. நான் மேடையோரம் கண்ணை மூடி, ஹெட்போனைக் காதில் அழுத்தி, முதல் பாட்டை விட்டேன். ஆர்கன் எழுந்தது. அந்த அம்மாள் 'ஓ...' என்று தொடங்கினார். அதே நேரம் அனுமந்தை வேன் ரோட்டு முனையில் நின்றிருக்கிறது. பெரியம்மா ஃப்ளெக்ஸைப் பார்த்தார். ஹாலிலிருந்து ஆர்கனும் ஒப்பாரியும் காற்றில் வந்தன. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் கண்ணைத் திறந்தபோது மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் அழுதுகொண்டே உள்ளே வந்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். "போயிட்டியே ராசா! இந்த வயசுலயா!" மாப்பிள்ளை பின்னால் பைக்கில் வருவதாக இருந்தது. அவரைக் காணோம், அவர் வீட்டார் அழுகிறார்கள். எங்கள் பக்கம் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? "ஐயோ, மாப்ளைக்கு இன்னாமோ ஆயிடுச்சே!" என்று அம்மா தரையில் சரிந்தார். ஸ்டெல்லா அக்கா பட்டுப்புடவையோடு அலறினாள்.

ஹால் முழுக்க அழுகை. என் உடம்பு சிலிர்த்துவிட்டது. சிகாகோவில் பிறந்த இசை மரக்காணத்தில் மனிதர்களை உருக்குகிறது என்று நினைத்து, நானும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, சத்தத்தைக் கூட்டினேன்.

பெரியம்மாவின் வீட்டுக்காரர் என்னை அதற்குமுன் பார்த்ததில்லை, அழுத கண்ணில் ஃப்ளெக்ஸ் முகமும் பிடிபடவில்லை. தள்ளாடி வந்து என் தோளைப் பிடித்து, "தம்பி, பாடி எங்கப்பா?" என்றார்.

"பாடினவங்க சிகாகோ, பெரியப்பா."

"ஐயோ! அவ்ளோ தூரத்துலயா? இன்னும் வரலியா?"

"வந்துதானே இப்ப எல்லாரும் அழுவுறீங்க!"

அதற்குள் பெரியம்மா வந்துவிட்டார், கையில் அக்காவுக்கென்று வாங்கிவந்த மாலை. ஒரு கலைஞனுக்கு ஊர் செய்யும் மரியாதையை ஏற்பதற்காக நான் தலை குனிந்தேன். நிமிர்ந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். "யேசுவே!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஸ்பீக்கரே தோற்றது. அப்பா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

லூர்து மாமா ஹெல்மெட்டும் சுருட்டிய ஃப்ளெக்ஸுமாக உள்ளே நுழைந்தார். விரித்தார். எல்லோரும் படித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா மாலையைத் தரையில் வைத்துவிட்டு, "கல்யாண வாசல்லயே சாவு போஸ்டர். இதுக்கு மேல இன்னா தடங்கல் வேணும்? வேனை எடுங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், ஃப்ளெக்ஸில் இருந்ததே உண்மையாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்போது ஸ்டெல்லா அக்கா இறங்கி வந்தாள். அழுது கரைந்த மை கன்னமெல்லாம். வாசலை மறித்து நின்றாள்.

"பெரியம்மா, நம்ம வேதத்துல செத்தவன் எழுந்து வந்தா அது கெட்ட சகுனமா, நல்ல சகுனமா?"

பெரியம்மா ஜெபமாலையை இரண்டு மணி உருட்டினார். ஈஸ்டர் கொண்டாடுகிறவர் அதைக் கெட்ட சகுனம் என்று எப்படிச் சொல்வார்?

"அதுக்கு மூணு நாள் ஆவணும்டி" என்றார் கடைசியில், சுருதி குறைந்து.

"இவன் உருப்படாத நாளை எல்லாம் சேர்த்துக்குங்க, இருபத்தி நாலு வருஷம் வரும்."

முதலில் சிரித்தது பெரியப்பாதான். அப்புறம் லூர்து மாமா. பெரியம்மா மாலையை எடுத்துத் தூசி தட்டி அக்கா கழுத்தில் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை: "செத்தவன் பாட்டு போடக் கூடாது." வேன் டிரைவரின் பென்டிரைவ் வந்தது. குத்துப்பாட்டுக்கு முதலில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கியவர் பிலோமினா பெரியம்மா. நான் பந்தியில் ஐஸ்கிரீம் வைத்தேன்.

ஃப்ளெக்ஸை வீணாக்க அப்பாவுக்கு மனமில்லை. இன்றும் மழை வந்தால் உப்புக் குவியலை மூடுவது அதுதான். ஈ.சி.ஆரில் பஸ்ஸில் போகிறவர்கள் உப்புமேல் கண்மூடிக் கிடக்கும் என்னைப் பார்க்கலாம். அனுமந்தையில் என் பெயர் 'ஆத்மா'. அக்கா பையனுக்கு நான் ஆத்மா மாமா.

வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று பெரியம்மா போன் செய்வார். "டேய் ஆத்மா, உன் பேருலயும் ஒரு மெழுகுவத்தி கொளுத்திட்டேன்" என்பார். போன வருடம் போனை வைக்கப்போனவர், திரும்பவும் கூப்பிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு ஒண்ணு போட்டியே, அந்தம்மா நெஞ்சு வெடிக்கப் பாடுனது. அது வெச்சிருக்கியா?"

"இருக்கு பெரியம்மா."

"பத்திரமா வெச்சுக்கோ. என்னை எடுக்கறப்ப அதைத்தான் போடணும். சத்தமா."

டீப் சோல்ஃபுல் ஹவுஸுக்காக எனக்கு இதுவரை கிடைத்த ஒரே புக்கிங் அதுதான். மேனேஜர் என்ற முறையில், "எத்தனை மணிக்குன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க" என்றேன். திட்டு விழுந்தது.