மாமனார் ஆட்சேபித்த சொல்

"என்னைப் பத்தி அகராதியில ஏதோ எழுதியிருக்கீங்களாமே, மாப்பிள்ளை?"

தொலைபேசியில் மாமனாரின் குரலைக் கேட்டதும் அகராதி ஆசிரியர் மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினார். மனைவி உளறிவிட்டாள் போலிருக்கிறது. அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது.

வழக்குப்பித்தர்: எதற்கெடுத்தாலும் கோர்ட்டுக்குப் போக ஆசைப்படுபவர். பிறப்பு: அண்மைக்காலப் பேச்சுவழக்கு.

ஊரில் அப்படி அழைக்கப்படுபவர் ஒரே ஆள்தான். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்கும், தையற்காரர் பொத்தானை மாற்றித் தைத்ததற்கும் கேஸ் போட்ட புண்ணியவான் அவர்.

"பொதுவா எழுதினது மாமா. உங்களுக்கு என்ன மாத்தணும், சொல்லுங்க."

"எதுவா இருந்தாலும் கோர்ட்டுல பேசிக்கலாம்."

விஷயம் தெரிந்ததும் பதிப்பக முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "தடையுத்தரவு வந்து புத்தகம் நின்னுச்சுன்னா, நீயும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"எங்கப்பாவை யார்னு நினைச்சீங்க? கொஞ்சம் மரியாதையா எழுதித் தொலைங்க" என்றாள் மனைவி.

எழுதித் தொலைத்தார். 'சட்டத்தின்மீது ஈடுபாடு மிக்கவர்.' திருத்திய தாளை அவளே கொண்டுபோய்க் காட்டினாள்.

"என்ன சொன்னார்?"

"ரெண்டாவதா இன்னொரு வக்கீலை வெச்சுட்டார்."

யாரையும் குறிக்கவில்லை என்று காட்டிவிட்டால் தீர்ந்தது என்று அடுத்து நினைத்தார். 'மிகப் பழைய சொல். பல தலைமுறைகளாக வழங்குவது' என்று சேர்த்தார். முழுப் பொய். இத்தனை வருஷ உழைப்பில் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை என்பதால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவி வாடிய முகத்தோடு திரும்பினாள். "தாளைச் சுக்குநூறாக் கிழிச்சுட்டார். எங்கூடவும் பேச மாட்டேங்கறார்."

வேறு வழியில்லாமல் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, சனியன் விட்டது என்று அதை மாமனாருக்கும் சொல்லி அனுப்பினார். வேலை பிழைத்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

மறுநாள் மாமனாருடைய வக்கீலின் குமாஸ்தா தடையுத்தரவோடு வந்து நின்றார். முதலாளி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் சொல்லையே தூக்கிட்டேனே. இன்னும் என்னய்யா வேணும் அந்த மனுஷனுக்கு?" என்றார் ஆசிரியர், அழாக்குறையாக.

குமாஸ்தா கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.

"தூக்கினதுக்குத்தான் சார் தடையே. அந்த வார்த்தை தன்னாலதான் பொறந்துச்சு, பக்கத்துல தன் போட்டோவைப் போட்டே ஆகணுங்கறார்."