இன்ஜினியர் குடிவந்த தெரு

கர்த்தருக்குள் பெருமதிப்பிற்குரிய மெட்ராஸ் சித்தப்பாவுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் மகள் ஃபெபி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் கைப்பிள்ளை எபியும் சுகம். சித்தியின் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதியது மரியாதைக்குத்தான் சித்தப்பா, நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எபிக்கு எட்டு மாதம் ஆகிறது. ஃபேன் ஓடினால்தான் தூங்குவான். கரண்ட் போனால் றெக்கை பையப் பைய ஓய்ந்து நிற்கும் இல்லையா, அது நிற்பதற்கு முன்னாலேயே கண்ணைத் திறந்துவிடுவான். திறந்த பிறகு நடப்பது தெருவுக்கே கேட்கும். உடம்பெல்லாம் வேர்க்குரு. தூக்கம் இல்லாததால்தான் பிள்ளை எடை ஏறவில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பௌதிகம் படித்தவள். மின்சாரப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். அது வராமலிருந்தால் என்ன செய்வது என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு இந்தக் கவலை கிடையாது, அவர் ஃபேன் ஓடினாலும் தூங்குவார், ஓடாவிட்டாலும் தூங்குவார். ஆகவே மின்சார இலாகாவின் தலைமை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருக்கும் தங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். எங்கள் பகுதி இன்ஜினியரை எப்படியாவது வேறு ஊருக்கு மாற்றிவிட வேண்டும்.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவ்வளவு நல்லவரை நான் வேதாகமத்துக்கு வெளியே பார்த்ததில்லை. அதுதான் எங்கள் கஷ்டமே. அவரை இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்ததும் நாங்கள்தான். எங்கள் பக்கத்து வீடு காலியாகக் கிடந்தது. வீட்டுக்காரர் இன்பமணி சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், போன பங்குனியில் தெருவைக் கூட்டி ஒரு யோசனை சொன்னார். "கரண்ட் ஆபீஸ்ல போய் எத்தன மட்டம் கத்தியிருக்கோம், ஒருத்தனாவது திரும்பிப் பாத்தானா? ஏன்னா வேர்க்கது நமக்கு, அவனுக்கு இல்ல. அந்த இன்ஜினியரையே நம்ம தெருவுல குடிவச்சிட்டா? கரண்ட் போச்சின்னா அவனுக்கும்லா வேர்க்கும். பெறவு எப்படிலே போவும்?" சித்தப்பா, அன்றைக்கு நாங்கள் கைதட்டினோம். வீடு கேட்டு வந்த ஒரு பேங்க் மேனேஜரை, கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று நாங்களே புரளி சொல்லித் திருப்பி அனுப்பினோம். இன்ஜினியர் முப்பிடாதி சார் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கியபோது தெருவே கூடிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குத்துவிளக்கைத் தூக்கினேன். அவர் வீட்டம்மா பால் காய்ச்சினார்கள். பால் பொங்கியது. கரண்ட் போனது.

எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரத்துக்குத்தான் போயிருக்கு," என்றார் சந்தோஷமாக.

பிறகுதான் விஷயம் விளங்கியது. வெயில் ஏறிவிட்டது, அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது, இருக்கிற கரண்ட் எல்லாருக்கும் பத்தாது, தினமும் ஏதாவது ஒரு பக்கத்தை அணைத்தாக வேண்டும், எந்தப் பக்கம் என்று சொல்வது இவர். முன்பெல்லாம் எங்கள் முறை வரும்போதுதான் எங்களுக்குப் போகும். இப்போது எங்கள் முறைக்கும் போகிறது, அதற்கு மேல் எங்கே எவ்வளவு குறைந்தாலும் அதற்கும் முதலில் எங்களுக்குத்தான் போகிறது. இன்பமணி சார் நேரிலேயே கேட்டுவிட்டார். அதற்கு அவர் சொன்ன பதில்: "நான் குடியிருக்க தெருவ எரியவிட்டுட்டு அடுத்த தெருவ அணைச்சா, நாளைக்கு ஒருத்தன் கேப்பாம்லா சார்? கேக்கதுக்கு முந்தியே அணைச்சிட்டா கேள்வியே இல்ல பாருங்க." அடுத்த தெருக்காரர்கள் இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் தெரு வழியாகத்தான் காலாற நடக்கிறார்கள், டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு. "என்னவே, இன்ஜினியரு இருக்க தெரு, இப்படி இருட்டாக் கெடக்கு?" என்று ஒருவர். "மெதுவாப் பேசும்வே, கரண்ட் தூங்குது," என்று இன்னொருவர். அவர் வீட்டம்மாவிடம் போய் அழுதேன். அந்த அம்மா சிரித்தார்கள். "எங்கிட்டயா சொல்லுதிய? எங்க கல்யாணத்துல, பொண்ணு வீட்டு ஊருன்னு இவுக மொதல்ல எங்க ஊரத்தான் அணைச்சாவ. தாலி எந்தக் கழுத்துல ஏறுதுன்னு லாந்தர் பிடிச்சுல்லா பாத்தாங்க!"

இதற்கும் மேல் ஒன்று நடந்தது. போன வாரம் ஒரு சாயங்காலம் எபி அழுது அழுது நீலம் பாரித்துவிட்டான். எனக்குப் பயத்தில் கோபம் வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் வாசலில் போய் நின்றேன். அவர் வெற்றுடம்போடு பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "புகாராம்மா, சும்மா பேசவா?" என்று கேட்டார். புகார் என்றேன். "அப்பம் சட்டை போட்டுட்டு வாரேன்." அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாக விழுந்தது, துடைக்கவில்லை. "நியாயமான புகார். அணைக்கச் சொன்னது நாந்தான். பொறுப்பு என்னோடதுதான். ஆனா இப்பம் போட முடியாது," என்றார். பிறகு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரராகத் திரும்பி வந்தார். "அச்சோ, பச்சப்பிள்ளைக்கு எப்படி வேர்க்குது பாருங்க! அந்த ஆபீஸ்காரனுக்கு ஈவு இரக்கமே கெடையாதும்மா. நீங்க விடாதிய, மேல எழுதிப் போடுங்க," என்று சொல்லி, விசிறியையும் என் கையிலேயே கொடுத்துவிட்டார். எனக்குச் சண்டை போடவும் தெரியவில்லை, கும்பிடவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்த விசிறியாலேயே பிள்ளைக்கு விசிறினேன் சித்தப்பா.

மேலே எழுதலாம் என்று நேற்று தெருக்கூட்டம் போட்டோம். அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். "குடியிருக்கவங்க கூட்டம்னு கேள்விப்பட்டேன். நானும் குடியிருக்கேம்லா?" கடைசியில் இன்பமணி சார்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்ஜினியரை மாற்றச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதலாமா என்று கேட்டார். முதலில் கை தூக்கியது முப்பிடாதி சார். "ஒரு கைப்பிள்ளையத் தூங்கவிடாதவன் என்ன இன்ஜினியரு? மாத்தத்தான் வேணும்."

"வே, நீரு யாரு பக்கம்வே?" என்றார் இன்பமணி சார்.

"குடியிருக்கது இந்தத் தெருவுல. வேற யாரு பக்கம் பேச?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரே மனிதர் அந்தப் பக்கமும் குறையில்லாமல் நிற்கிறார், இந்தப் பக்கமும் குறையில்லாமல் நிற்கிறார், நடுவில் எங்களுக்கு நிற்க இடமே விடவில்லை. இப்படியும் ஒரு மனுஷரைக் கடவுள் படைத்திருக்கிறாரே, படைத்து நேரே என் பக்கத்து வீட்டிலா கொண்டுவந்து வைக்க வேண்டும்? எனவே சித்தப்பா, அவரை மாற்றிவிடுங்கள். பெரிய பதவி கொடுத்து, குளிர்ச்சியான ஊராகப் பார்த்து மாற்றுங்கள். மனைவியின் சொந்த ஊருக்கு மட்டும் வேண்டாம், அந்த ஊர் ஏற்கனவே பட்டது போதும். என் பிள்ளை தூங்க வேண்டும், எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

மெழுகுவர்த்தி அடிக்கு வந்துவிட்டது, எபி மறுபடியும் சிணுங்குகிறான். சித்திக்கு என் முத்தங்கள். ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு விளக்குகள் அணையாதிருக்க நானும் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்,
ஃபெபி ஜாபேஸ்

பின்குறிப்பு: வேறு மெழுகுவர்த்தி ஏற்றி எழுதுகிறேன் சித்தப்பா, மேலே எழுதியதை வைத்து ஒன்றும் செய்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டு முடித்ததும் எபி வீறிட்டு அழ ஆரம்பித்தான். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். தெருவில் காற்று வாங்கிக்கொண்டிருந்த முப்பிடாதி சார், "தாருங்க இங்கன," என்று பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். அப்படி ஒரு இருட்டு, தலைக்கு மேலே அப்படி ஒரு நட்சத்திரக் கூட்டம். எபி தூங்கிவிட்டான்! ஃபேன் இல்லாமல்! நான் மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து அவர் ஆபீஸ் வயர்மேன் ஹாஜா சைக்கிளில் வந்து, "சார், லோடு கொறஞ்சிட்டு. இந்தத் தெருவுக்குப் போட்டுரலாமா?" என்று கேட்டார். போட்டால் என்ன ஆகும்? தெருவிளக்கு, எல்லார் வீட்டு டி.வி., ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில் முழிக்கும். இன்ஜினியர் தோளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். "பைய... கொஞ்சம் போவட்டும்," என்றார், பிள்ளை முழிக்காதபடி கிசுகிசுப்பாக. ஹாஜா பதறிப்போய், "சார், ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார். அந்த மனிதர் தன் வேலையில் யாருக்காவது சலுகை காட்டினார் என்றால் இது ஒன்றுதான் இருக்கும், அதுவும் கரண்ட்டை நிறுத்திவைத்து! கடிதம் போட்டாச்சா என்று காலையில் தெருவே கேட்கும், அதனால் தபாலில் சேர்த்துவிடுகிறேன். படித்துவிட்டுச் சும்மா இருங்கள், அவரை மாற்றிவிடாதீர்கள். பிள்ளை இப்போது தொட்டிலில் அயர்ந்து தூங்குகிறான், கரண்ட் இன்னும் வரவில்லை. வெளியே இன்பமணி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்ட் ஆபீஸைக் கிழிகிழி என்று கிழிக்கிறார். இப்போதுதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆமா சார், ரொம்ப அக்கிரமம், கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.