படிக்க மட்டும் திறந்த கதை

இனி என் மனைவியின் கதைகளில் ஓர் எழுத்தைக்கூடத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். படிப்பதில்லை என்று எடுக்கவில்லை.

அவள் ஒரு மாதப் பத்திரிகைக்குப் பேய்க்கதை எழுதுகிறாள். போன மாதம் கம்ப்யூட்டரில் அவள் கதையைத் திருட்டுத்தனமாகத் திறந்தபோது என் முழங்கை தட்டச்சுப் பலகையில் பட்டது. பதற்றத்தில் சேமித்தும் தொலைத்தேன். 'அவள் கதவைத் திறந்தாள். வெளியே ழழழழழ' என்று அச்சாகிவிட்டது. அந்த இடத்தில்தான் ரத்தம் உறைந்தது என்று வாசகர்கள் எழுதினார்கள். மனைவி மூன்று நாள் பேசவில்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் நண்பன்தான் வழி சொன்னான். "திறக்கும்போதே 'படிக்க மட்டும்'னு திற. அப்புறம் நீ மேலேயே ஏறி உக்காந்தாலும் ஒரு எழுத்து விழாது."

எனக்குப் பழகிய விஷயம். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறிப்பதுதான் என் வேலை. பார்க்கலாம், கை வைக்கக் கூடாது.

மூன்று மணிக்கு அவள் தையல் வகுப்பு எடுக்கப் போனதும் திறந்தேன். புதுக் கதை. மீட்டர் பார்க்கும் ஒருவன் வீட்டில் தனியாக இருக்கிறான். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. 'ஒவ்வொரு ஏழாவது சொட்டுக்கும் பிறகு ஒரு மூச்சு. அவனுடைய மூச்சு அல்ல.'

எங்கள் குழாய் சொட்டியது. ஒரு வருடமாகச் சொட்டுகிறது. அன்றுதான் காதில் விழுந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஏழுக்கு நான் காத்திருக்கவில்லை. நாலு மணிக்குள் குழாய்க்குப் புது வாஷர் போட்டாகிவிட்டது.

"சொட்டுற சத்தமே இல்லையே," என்றாள் வந்ததும்.

"நின்னுடுச்சு."

"தானாவா?"

"தானாத்தான்."

அவள் குழாயையே பார்த்தாள். "பயமா இருக்குங்க," என்றாள்.

மறுநாள் கதையில், பரணில் பழைய சாமான்களுக்குப் பின்னால் ஒருத்தி குந்தியிருந்தாள். சாமான் இருக்கும்வரை இறங்க மாட்டாளாம். தும்மித் தும்மிப் பரணைக் காலி செய்தேன்.

அதற்கு அடுத்த நாள்: 'நிலைக்கண்ணாடியின் அழுக்கில் ஒரு விரல் தடம். உள்பக்கமாக.' எழுந்து போய்ப் பார்த்தேன். தடம் இருந்தது. எந்தப் பக்கம் என்று ஆராயத் தைரியமில்லை. வீட்டிலிருந்த கண்ணாடி அத்தனையும், ஜன்னல்கள் உட்பட, துடைத்தேன். ஒவ்வொன்றிலும் என் முகம் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

நான்காம் நாள் ஒரே ஒரு வரிதான் சேர்ந்திருந்தது. 'இப்போது அவன் இதைப் படிக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள்.'

திரும்பவில்லை. அந்த வரியை அழித்துவிட்டால் போதும் என்று தோன்றியது. சபதத்தை மறந்து அழிக்கும் பொத்தானைக் குத்தினேன். 'இந்தக் கோப்பை மாற்ற முடியாது' என்றது திரை. மறுபடி குத்தினேன். முடியாது.

தோளில் ஈரமாக ஒரு கை விழுந்தது.

"படிக்க மட்டும்னு திறந்துட்டு அழிச்சா எப்படிங்க அழியும்?"

மனைவி. வகுப்புக்குப் போகாமல், கை கழுவிவிட்டு வந்திருக்கிறாள்.

"எப்படித் தெரிஞ்சுது? நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலையே."

"கோப்புல ஒண்ணும் மாறல. வீடுதான் தினம் மாறிச்சு."

"அப்ப இது பத்திரிகைக்கு இல்லையா?"

"அது வேற கதை. போன வாரமே அனுப்பிட்டேன்."

கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "அதுல புருஷனுக்கு என்ன ஆகுது?"

"அதுல புருஷனே கிடையாது. இருந்தான்; ஒரு உபயோகமும் இல்லைன்னு எடுத்துட்டேன்."