ஊர் பேர் தெரியாத நடுவர்

மூன்றாவது நடுவரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை இறுதி ஆட்டம். இன்று வியாழக்கிழமை. போர்ட் பிளேயர் கால்பந்து நடுவர் குழுவின் கௌரவச் செயலாளர் பக்தவத்சலம், ஸ்டோர்ஸ் ஆபீசில் தன் மேஜைமேல் கிடந்த விசிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஊதுவதற்குத்தான் ஆள் இல்லை.

இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தவை ஊரின் இரண்டு பேட்டைகளான ஹேடோவின் அணியும் மின்னி பேயின் அணியும். ஹேடோ அணியின் புரவலர் சட்டர்ஜி பாபு. மெட்ராஸ் கப்பலில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிறவர் அவர்தான். மின்னி பே அணியின் புரவலர் சிவஞானம். பக்தவத்சலத்தின் மேலதிகாரி. யாருக்கு லீவு உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிறவர் அவர்.

பக்தவத்சலத்துக்கு இரண்டும் வேண்டியிருந்தது. இந்த மாதக் கடைசியில் திருச்சியில் மகள் ஜெயலட்சுமிக்குக் கல்யாணம். ஹேடோ துறையில் நிற்கிற கப்பல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மெட்ராசுக்குப் புறப்படுகிறது. அதை விட்டால் அடுத்த கப்பல் முகூர்த்தம் கழிந்த பிறகுதான். லீவு கிடைத்துக் கப்பல் கிடைக்காவிட்டால் பெண்ணைக் கடலில் நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும். கப்பல் கிடைத்து லீவு கிடைக்காவிட்டால் அப்பா இல்லாமல் கன்னிகாதானம் நடக்கும்.

கேட்டபோது இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"மேட்ச் முடியட்டும்யா, பார்க்கலாம்" என்றார் சிவஞானம்.

"மேட்ச் கதம் ஹோனே தோ, பிர் தேகேங்கே" என்றார் சட்டர்ஜி பாபு.

இதற்கு என்ன பொருள் என்று தீவில் இத்தனை வருஷம் இருந்த பக்தவத்சலத்துக்குத் தெரியாதா? எந்த அணி தோற்றாலும் அந்தப் பக்கத்துக் கதவு சாத்தப்படும்.

யாரும் குறை சொல்ல முடியாத நடுவராகப் போட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். முதலில் வேதநாயகத்தின் பெயரைச் சொன்னார். படகு கட்டுகிற தச்சர். நல்ல ஆட்டக்காரராக இருந்தவர், நேர்மையானவர்.

"மின்னி பே கோலி அடைக்கலசாமி உஸ்கா சாலா ஹை" என்றார் சட்டர்ஜி. மச்சான் கோல் காக்கிற இடத்தில் நேர்மை எப்படி நிற்கும் என்பது அவர் வாதம்.

அடுத்து டெய்லர் ராவ்.

"ஹேடோ டீமுக்குச் சட்டை தைச்சவன்யா அவன். தான் தைச்ச சட்டை தோக்கறதைப் பார்த்துக்கிட்டு நிப்பானா?" என்றார் சிவஞானம்.

மூன்றாவதாகக் கம்பவுண்டர் நாயர். அவருக்குத் தீவில் மச்சானும் இல்லை, தையல் மிஷினும் இல்லை. பக்தவத்சலம் தைரியமாகத்தான் சிவஞானத்திடம் போனார்.

"நாயரா? ஹேடோ சென்டர் பார்வர்டுக்குக் காய்ச்சல் வந்தப்போ ஊசி போட்டான். வலிக்கவே இல்லையாம்."

"அது நல்லதுதானே சார்?"

"எங்க லெப்ட் அவுட்டுக்கும் போட்டான். ஒரு வாரம் கை வீங்கிக் கிடந்தது. இதுக்கு என்ன அர்த்தம்?"

பக்தவத்சலத்துக்கு அர்த்தம் ஒன்றும் புலப்படவில்லை. ஆனால் நாயரும் போய்விட்டார்.

இதில் கொடுமை, இதற்கெல்லாம் காரணமான விதியைப் போட்டதே பக்தவத்சலம்தான். நடுவருக்கு இரண்டு அணியில் எதனோடாவது ஏதாவது தொடர்பு இருப்பதாகச் செயலாளருக்குத் தெரிந்தால், அதை இரண்டு தரப்புக்கும் சொல்லியாக வேண்டும். போன வருஷம் உற்சாகத்தில் எழுதியது. பத்து தெருவும் நாலு படகுத்துறையும் உள்ள ஊரில் யாருக்கு யாரோடு தொடர்பு இருக்காது என்று அப்போது யோசிக்கவில்லை.

"உங்களை யாரு இந்த விசில் உத்தியோகத்தை ஏத்துக்கச் சொன்னது?" என்று மத்தியானச் சாப்பாட்டின்போது மனைவி பொன்னம்மா கேட்டாள். "கூறைப்புடவை வாங்கியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. பொண்ணு மட்டும் போய்ச் சேரணும்."

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் ஜிம்கானா மைதானத்தின் ஓரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். ஆபீஸ் ஆட்கள் சிலர் சும்மா பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கோல் அடித்தான். ஓரத்தில் நின்றிருந்த வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட் போட்ட ஓர் ஆள், "ஆப்சைடு" என்றார். அடித்தவன் சண்டைக்கு வந்தான். அந்த ஆள் குரலை உயர்த்தாமல், யார் எங்கே நின்றார்கள் என்று காலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். சண்டைக்கு வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான்.

பக்தவத்சலம் அப்படியே நின்றுவிட்டார். இந்தத் தீவில் ஒரு நடுவர் சொல்லி ஓர் ஆட்டக்காரன் தலையைச் சொறிந்ததை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"சாருக்கு ஊர் புதுசா?"

"ஆமா. செவ்வாய்க்கிழமை கப்பல்லதான் வந்தேன்."

"இங்கே சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க?"

"ஒருத்தரும் கிடையாது."

"விசில் ஊதின பழக்கம் உண்டோ?"

"மெட்ராஸ்ல லீக் மேட்ச்செல்லாம் ஊதியிருக்கேன் சார். வேலைக்குச் சேர்ந்தப்புறம் எங்கே முடியுது? நான் இப்போ—"

"ஐயையோ, சொல்லாதீங்க!" பக்தவத்சலம் அவர் வாயைப் பொத்தவே போய்விட்டார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க, எந்த ஊரு, என்ன பேரு, எதுவும் எனக்குத் தெரியக் கூடாது."

அந்த ஆள் ஓரடி பின்னால் நகர்ந்தார். பக்தவத்சலம் அவரைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போய் விஷயத்தை விளக்கினார்.

"தெரிஞ்சா நான் அவங்ககிட்டச் சொல்லணும். சொன்னா, உங்க ஆபீஸ்ல ஹேடோ பிளேயர் ஒருத்தன் பியூனா இருப்பான். உங்க ஊர்ல மின்னி பே கோலியோட மாமியார் இருப்பா. முடிஞ்சது."

"பேரு கூடவா சார்?"

"பேரிலேதான் எல்லாம் இருக்கு."

அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விசில் ஊதி ரொம்ப நாளாச்சு. சனிக்கிழமைதானே? வர்றேன். ஞாயித்துக்கிழமைன்னா முடியாது. அன்னிக்கு எனக்கு—"

"சொல்லாதீங்கன்னேன்!"

மறுநாள் பக்தவத்சலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சட்டர்ஜி முன்னால் போய் நின்றார்.

"ரெப்ரீ கௌன் ஹை?"

"மாலூம் நஹி, பாபு."

"நாம் கியா ஹை?"

"மாலூம் நஹி."

"காம் கியா கர்த்தா ஹை?"

"வோ பி மாலூம் நஹி."

ஆள் யார் என்றும் தெரியாது, பெயர் தெரியாது, வேலையும் தெரியாது. சட்டர்ஜியின் முகம் மலர்ந்தது. "பஹுத் அச்சா!" என்றார்.

சிவஞானம் இன்னும் ஒரு படி மேலே போய், "இத்தனை நாள்ல இப்பத்தான்யா நீ உருப்படியா ஒரு ஆளைப் பிடிச்சிருக்கே" என்றார்.

அன்று மாலை இரண்டு தரப்பும் தனித்தனியாக அந்த ஆளைத் தேடிப் பார்த்தன. மரியாதைக்கு ஒரு தேங்காய், ஒரு மீன் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான். கெஸ்ட் ஹவுசில் இல்லை, தர்மசாலையில் இல்லை. கிடைக்காத நடுவர் மேல் இருவருக்கும் மதிப்பு கூடியது.

சனிக்கிழமை பாதி ஊர் மைதானத்தில் இருந்தது. மீதி ஊர் மைதானத்தைச் சுற்றியிருந்த மரங்களில் இருந்தது. ஊர் பேர் தெரியாத நடுவர் வெள்ளை அரை டிராயரில் வந்து விசில் ஊதினார். ஆட்டம் ஒழுங்காகத்தான் நடந்தது. இடைவேளைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கோல். பக்தவத்சலம் கண்ணை மூடி, இப்படியே முடிந்துவிட்டால் கருமாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டார்.

கடைசி நேரத்தில் ஹேடோ ஒரு கோல் அடித்தது. சட்டர்ஜி குடையைத் தூக்கி வீசினார். குடை கீழே வருவதற்குள் விசில் சத்தம் கேட்டது. ஆப்சைடு.

புரவலர் குடையை வீசிய பிறகு ஒரு கோலை ரத்து செய்வது தீவுச் சரித்திரத்தில் இல்லாத விஷயம். ஹேடோ கூட்டம் கொந்தளித்தது. அது அடங்குவதற்குள் மின்னி பே ஒரு கோல் அடித்தது. சிவஞானம் பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்தார். மறுபடியும் விசில். அடித்தவன் பந்தைக் கையால் தட்டிவிட்டிருந்தான். அதுவும் ரத்து. ஆட்டம் சமன். கோப்பை இரண்டு அணிக்கும் பொது.

பக்தவத்சலம் வேண்டியது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் கருமாரியம்மனிடம் கூட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லி வைக்கவில்லை.

"மாரோ!" என்று யாரோ ஒருவன் கத்தினான். 'அடி' என்று வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோருக்கும் பொருள் புரிகிற வார்த்தை அது. ஹேடோ கூட்டம் ஒரு பக்கத்திலிருந்தும் மின்னி பே கூட்டம் மறுபக்கத்திலிருந்தும் ஓடி வந்தன. இரண்டு கூட்டமும் ஒற்றுமையாக ஒரே ஆளை நோக்கி ஓடியது அன்றுதான்.

பக்தவத்சலம் நடுவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடி, ஸ்டோர்ஸ் லாரியில் ஏற்றி, படகுத்துறைக்குக் கொண்டுபோனார். வடக்கே தூரத்துத் தீவில் இருக்கிற ரங்கத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிய மோட்டார் படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. படகுக்காரர் குழந்தைவேலு தெரிந்தவர்.

"அண்ணே, இவரை ரங்கத்துல இறக்கி விட்டுடுங்க. அங்கே பத்திரமா இருக்கட்டும். நீங்க அடுத்த வாரம் திரும்பறப்போ கூட்டிட்டு வந்தாப் போதும்."

"அடுத்த வாரமா?" நடுவர் பதறினார். "சார், நாளைக்குக் காலையில நான்—"

"நாளைக்குக் காலையில உங்களுக்குக் கை கால் இருக்கணும் சார்! ஏறுங்க!"

"அதில்லை சார், டியூட்டி இருக்கு. நான் இல்லேன்னா—"

"டியூட்டியைப் பத்தி மூச்சு விடாதீங்க. உங்க ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன்."

"எந்த ஆபீஸ்னே உங்களுக்குத் தெரியாதே சார்!"

நியாயமான பேச்சுதான். ஆனால் தெருமுனையில் கூட்டத்தின் சத்தம் கேட்டது. பக்தவத்சலம் ஒரே தள்ளாகத் தள்ளி அவரை அரிசி மூட்டைமேல் உட்கார வைத்தார். படகு நகர்ந்தது. நடுவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டி ஏதேதோ கத்தினார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு பக்தவத்சலமும் கையை ஆட்டினார்.

அப்போதே சிவஞானத்தின் வீட்டில் விசாரணை. சட்டர்ஜியும் அங்கே இருந்தார். இரண்டு புரவலர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றார்கள்.

"இப்படி ஒரு மோசமான ரெப்ரீயை நான் பார்த்ததே இல்லை" என்றார் சிவஞானம்.

"ஏக்தம் பேகார்" என்று ஆமோதித்தார் சட்டர்ஜி.

பக்தவத்சலத்துக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் ஊதிய இரண்டு விசிலும் சரியானவை. இவ்வளவு நேர்மையான நடுவர் இந்தத் தீவுக்கு இனி வரப்போவதும் இல்லை. "சார், அந்த ஆப்சைடு வந்து..." என்று ஆரம்பித்தார்.

"உனக்கு லீவு வேணுமா வேண்டாமா?"

பக்தவத்சலம் பேனாவை எடுத்தார். நடுவர்களின் தரத்தை மதிப்பிடுவதும் செயலாளரின் பொறுப்புதான். உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார். மேற்படி நடுவருக்குக் கண்ணும் போதாது, சட்டமும் தெரியாது. தீவில் ஆயுள் முழுக்க அவர் விசில் ஊதக் கூடாது. பெயர் எழுத வேண்டிய இடத்தில், 'தெரியவில்லை' என்று போட்டார். எழுதும்போது அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

சிவஞானம் லீவில் கையெழுத்துப் போட்டார். சட்டர்ஜி சட்டைப் பையிலிருந்து மூன்று கப்பல் டிக்கெட்டை எடுத்து, "பேட்டி ஜெயலட்சுமிக்கு என் ஆசீர்வாத்" என்றார். எதிரி ஜெயிக்கவில்லை, நடுவரும் ஒழிந்தான் என்று இருவருக்கும் பரம திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை காலை, பக்தவத்சலம் குடும்பத்தோடு ஹேடோ துறையில் நின்றார். ஜெயலட்சுமி கூறைப்புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். புறப்படுகிற நேரம் கடந்துவிட்டது. கப்பலின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒருவரையும் ஏற்றவில்லை. வெயில் ஏறியது.

காத்திருந்த நேரத்தில் பக்தவத்சலம் மனைவிக்குத் தன் சாமர்த்தியத்தை முதலிலிருந்து சொல்லி முடித்தார்.

"பாவங்க அந்த மனுஷன்" என்றாள் பொன்னம்மா. "யாருங்க அவரு?"

"அது எனக்கே தெரியாது. அதிலேதான் சூட்சுமமே இருக்கு" என்று சிரித்தார் பக்தவத்சலம். பிறகு கப்பல் ஏணிப்படியின் கீழே நின்ற சிப்பந்தியிடம் போய், "ஏம்ப்பா, கல்யாணப் பொண்ணு வெயில்ல காயுது. எப்போ எடுப்பீங்க?" என்று கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டார்.

சிப்பந்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வயர்லெஸ் ஆபீசர் இல்லாம கப்பலை எடுக்கக் கூடாதுன்னு சட்டம் சார், நேத்து ஏதோ மேட்ச்சுக்கு விசில் ஊத அவரைக் கூட்டிட்டுப் போன புண்ணியவான் எங்கே கொண்டுபோய் விட்டான்னுதான் ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கோம்."