என் கவிதைக்கு மருந்து சொன்ன இருநூறு பேர்

கவிதை எழுதினால் வாசகரே கிடைப்பதில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். எனக்கு ஒரே காலையில் இருநூறு பேர் கிடைத்தார்கள். வரி விடாமல் படித்தார்கள். படித்துவிட்டு மருந்து சொன்னார்கள்.

உத்தமபாளையம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் வாழை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு ஒதுங்காமல் படிக்கவே போன முதல் ஆள் நான். தமிழ் எம்.ஏ. வேறு. அந்த மரியாதையில் வாழை விவசாயிகள் வாட்ஸப் குரூப்புக்கு என்னை அட்மின் ஆக்கியிருந்தார்கள். தார் விலை, உரம், மோட்டார் ரிப்பேர் என்று குரூப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இலக்கியம் இல்லையே என்ற குறை எனக்கு மட்டும்தான் இருந்தது.

ஆனி மாதக் கடைசி. தார் முற்றி நின்றது. ஆடிக்காற்று மலையைவிட்டு இறங்கினால் மரம் முறிந்து தாரோடு படுத்துவிடும். அதற்குள் வெட்டியாக வேண்டும். வியாபாரி காதர் பாய் நாளை மறுநாள் ஆளும் லாரியுமாக வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா மலையையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழுத்த இலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாழையில் அடியிலை பழுப்பது அன்றாட சங்கதி. அன்று மட்டும் அது என்னிடம் பிரபஞ்ச ரகசியம் பேசியது. வரப்பிலேயே உட்கார்ந்து எழுதினேன்:

மஞ்சளாகி மடிகிறது இலை.
உள்ளிருந்தே தொடங்குகிறது சாவு.
இன்று இந்த மரம்,
நாளை தோட்டம்,
மறுநாள் நாம்.

(நீங்கள் வாழை போட்டவராக இருந்தால் இந்நேரம் எழுந்து நின்றிருப்பீர்கள்.)

இலையைப் போட்டோ பிடித்துக் கவிதையோடு குரூப்பில் போட்டேன். ‘எங்கள் தோட்டம், இன்று காலை’ என்று அடியில் குறித்தேன். கவிஞர்கள் இடமும் நேரமும் குறிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன்.

முதல் விமர்சனம் ஒரு நிமிடத்தில் வந்தது. “கெழங்கப் பொளந்து பாத்தியா தம்பி? உள்ள செவப்பா இருக்கா?” அடுத்தது தேவாரம் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து: வாடல் நோயேதான், தோண்டி எரித்துவிடு. இன்னொருவர் லிட்டருக்கு எத்தனை கிராம் மருந்து என்றே எழுதிவிட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா எதுவும் எழுதவில்லை. நேராகப் போய் எங்களிடமிருந்து வரும் வாய்க்காலை அடைத்துவிட்டார். கெங்குவார்பட்டிக்காரர் ஒருவர் மட்டும் கைகூப்பும் படம் போட்டிருந்தார். கவிதை புரிந்த ஒரே ஜீவன் என்று தனியாக நன்றி அனுப்பினேன். தோட்டத்துக்குத் துக்கம் விசாரித்தாராம்.

மதியம் பாய் அப்பாவுக்குப் போன் போட்டார். நோய் வந்த தோட்டத்தில் ஆளை இறக்கினால் அரிவாளிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். பிறகு தன்னை யாரும் வரப்பு மிதிக்கவிட மாட்டார்கள். அதனால் லாரி வராது என்றார்.

“நோயா? யாரு மாப்ள சொன்னது?”

“உங்க மகன்தான் மாமா எழுதிருக்காப்ல. குரூப்ல அம்புட்டுப் பேரும் அதத்தான் சொல்றாக.”

அப்பா கெஞ்சியதில் சாயங்காலம் பாய் வந்தார். தோட்டத்துக்குள் கால் வைக்காமல் ரோட்டிலேயே நின்றார். எழுத்துக் கூட்டத் தெரியாத அப்பா, “ஏலே, அப்படி என்னத்தத்தான் எழுதுன? வாசி” என்றார். என் முதல் கவியரங்கம் அதுதான். பாய், அப்பா, தலையில் புல்லுக்கட்டோடு அம்மா.

இரண்டாவது வரியிலேயே பாய் நிறுத்தினார். “உள்ளன்னா, கெழங்குலயா, தண்டுலயா?”

“உயிர்ல, பாய்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

“சரி, நாளைக்குத் தோட்டம்னு போட்டிருக்கே. இப்ப எத்தன மரத்துல பரவிருக்கு?”

பிரபஞ்சம் முழுக்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா முறைத்த முறைப்பில் விழுங்கிக்கொண்டேன்.

அப்பா அரிவாளும் கடப்பாரையுமாகப் போட்டோவில் இருந்த அதே மரத்திடம் போனார். தாரோடு சாய்த்தார். கிழங்கைத் தோண்டிப் பிளந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார். தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. பாய் தடவிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

“மரத்துக்கு ஒண்ணுமில்லயே மாமா.”

“இல்ல. நல்லா இருந்த மரம்” என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

‘இன்று இந்த மரம்’ என்ற வரி மட்டும் பலித்துவிட்டது.

பாய் நம்பினாலும் வெட்டுக்காரர்கள் நம்ப வேண்டுமே, அவர்களும் அந்தக் குரூப்பில்தான் இருந்தார்கள். அங்கேயே நின்று டைப் அடித்தேன்: ‘காலையில் பதிவிட்ட கவிதையில் வரும் சாவு எங்கள் தோட்டத்தில் நடந்ததல்ல. பொதுவானது. கிழங்கின் போட்டோ இணைக்கப்பட்டுள்ளது.’ இன்றுவரை நான் எழுதியதில் அதிகம் பாராட்டப்பட்டது அதுதான். கெங்குவார்பட்டிக்காரர், “இப்பத்தான் தெளிவா எழுதிருக்கீக” என்றார். சொன்ன நாளில் லாரி வந்தது. அதற்கு மூன்றாம் நாள் காற்று இறங்கியது.

இப்போதும் பாய், “இந்த வருசம் கவித ஒண்ணும் இல்லைல?” என்று கேட்டுவிட்டுத்தான் வரப்பில் கால் வைக்கிறார். அம்மா என்னை எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. “எழுதுய்யா. நம்ம தோட்டத்துல மட்டும் எதையும் சாகடிக்காத” என்றாள். பக்கத்துத் தோட்டம் பெரியப்பாவுடையது. அதற்கடுத்தது தாய்மாமனுடையது. பண்ணைப்புரம்வரை பார்த்துவிட்டேன், எல்லாம் சொந்தக்காரர்கள். வேறு வழியில்லாமல் கவிதையோடு கடலுக்குப் போனேன்.

போன மாதம் மதுரையில் என் தொகுப்பை வெளியிட்டார்கள். ஒரு பேராசிரியர், மலையடிவாரத்தில் பிறந்த இந்தக் கவிஞரின் சாவுகள் எல்லாம் ஏன் கடலிலேயே நிகழ்கின்றன என்று அரைமணி நேரம் ஆராய்ந்துவிட்டு, கடைசியில் என்னையே கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் முன்வரிசையில் இருந்து அப்பா பதில் சொல்லிவிட்டார்.

“அங்கன நமக்குத் தோட்டம் இல்லீங்க.”